படம் ஏன் சரியில்லை? ஒரு முட்டையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

மேசை மேல் இருக்கும் வாழைப்பழம் அசையாது, கண் சிமிட்டாது, "சீக்கிரம் எடுங்க" என்று அவசரப்படுத்தாது. ஆனாலும் ஸ்டில் லைஃப், அதாவது அசையாத பொருட்களின் படம், எடுக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் சொல்லும் குறைகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "எல்லாம் சரியாத்தான் வச்சேன், ஆனா ஏதோ சரியில்ல." அந்த 'ஏதோ'வைப் பிடிக்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் படத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன்னால் அடுக்களையில் இருந்து ஒரு முட்டை எடுத்து வாருங்கள்.

கடையில் கிடைக்கும் வெள்ளை முட்டை போதும். நாட்டுக்கோழி முட்டை வேண்டாம், அதன் ஓட்டிலேயே ஒரு பழுப்பு இருக்கும். எடுக்கப்போகும் பொருளைத் தள்ளி வைத்துவிட்டு, அதே இடத்தில் முட்டையை வைத்து ஒரு படம் எடுங்கள். முட்டையில் வேலைப்பாடு இல்லை, மூலை இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு நிறமும் இல்லை. அதனால் அதன்மேல் தெரிவது எல்லாம் வெளிச்சத்தின் வேலைதான். தரையில் எத்தனை நிழல் விழுகிறது, நிழலின் ஓரம் கூர்மையா கரைகிறதா, நிழலுக்குள் ஏதாவது நிறம் ஏறியிருக்கிறதா, முட்டையின் இருண்ட பக்கம் எவ்வளவு இருட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முட்டைய வச்சு என்ன மக்களே செய்யுத?" என்று கேட்டாள். நாடி பார்க்கிறேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் படம் எடுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை. வடக்குப் பார்த்த ஜன்னல், அதற்கு வெளியே வாழைத்தோப்பு. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. இந்த நாலும் ஆளுக்கொரு விதமாய் என் படங்களைக் கெடுத்திருக்கின்றன.

ஒன்றே ஒன்று மட்டும் கட்டாயம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கையும் நகர்த்தி, துணியையும் மாற்றி, ஐஎஸ்ஓவையும் (கேமராவின் ஒளியுணர்வு) கூட்டினால் படம் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

முட்டைக்கு இரண்டு நிழல் விழுகிறது

தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிகிறது, அதை மறந்துவிட்டீர்கள். பெரும்பாலும் கதை இவ்வளவுதான்.

இரண்டு நிழலும் இரண்டு நிறமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஜன்னலில் வரும் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்), மேகமோ நிழலோ இருந்தால் அதற்கும் மேலே போகும். வீட்டில் எரியும் மஞ்சள் பல்பு 2700 பக்கம். ஜன்னல் வெளிச்சம் எட்டாத நிழலுக்குள் பல்பு புகுந்துகொள்வதால் அந்த நிழல் ஆரஞ்சாகிறது. பல்பு எட்டாத நிழலுக்குள் ஜன்னல் புகுவதால் அது நீலமாகிறது. வெள்ளை வெள்ளையாகவே வர நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்று சரியாகும்போது மற்றது இன்னும் மோசமாகும். கணினியில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டுவதைவிட எழுந்து போய் சுவிட்சை அணைப்பது லேசு.

விளக்கு வைத்து எடுப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஜன்னலைச் சாத்தி, உங்கள் விளக்கையும் அணைத்துவிட்டு, அதே செட்டிங்கில் ஒரு படம் எடுங்கள். முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். கறுப்புக்குள் முட்டை மங்கலாகத் தெரிந்தால் எங்கிருந்தோ வெளிச்சம் ஒழுகுகிறது. என் வீட்டில் ஒருமுறை அது சாமிபடத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு விளக்காக இருந்தது. கண்ணுக்குப் பொருட்டாகத் தெரியாத அந்த வெளிச்சம், 8 வினாடி எக்ஸ்போஷரில் முட்டையின் ஒரு கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசிவிட்டது.

நிறம் தப்பாக வருகிறது

இந்த ஒரு அறிகுறிக்குப் பின்னால் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் ஒயிட் பேலன்ஸில் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முட்டை முழுக்கவே பச்சை ஓடினால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த சமயத்தில் ஒருவர் நல்ல பழுத்த சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து படம் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். "இது காயால்லா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. என் ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில் பாதி வாழை இலையில் பட்டு வருவது. கண் அதைக் கண்டுகொள்ளாது, கேமரா கண்டுகொள்ளும். பொருள் இருக்கும் இடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையையோ வைத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் இது தீர்ந்துவிடும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு வைத்திருக்கும் குலசேகரம்காரர்களுக்கு இது தினப்படித் தலைவலியாக இருக்கும். ஃபோனில் எடுப்பவர்கள் ப்ரோ மோடில் கெல்வினோடு சேர்த்து டின்ட் என்ற ஸ்லைடரும் இருந்தால் அதை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள்.

முட்டையின் மேல்பாதி சரியாக இருந்து, அடிவயிறு மட்டும் சிவந்திருந்தால் குற்றவாளி தரை. சிவப்புச் சிமெண்டு, செங்கல் நிற டைல்ஸ், மேசை மேல் விரித்த பட்டுத்துணி, சில நேரம் நீங்கள் போட்டிருக்கும் சட்டை. இதற்கு ஒயிட் பேலன்ஸ் உதவாது, ஏனென்றால் படத்தின் ஒரு பகுதியில் மட்டும்தான் நிறம் ஏறியிருக்கிறது. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வெயில் படும் தரையில் கறுப்புச் சார்ட் இரண்டு விரித்துப் போடுங்கள். அதோடு தீரும்.

மூன்றாவதுதான் ஆளை அசத்துவது. முட்டை வெள்ளையாகவே இருக்கிறது, ஒயிட் பேலன்ஸும் சரி, ஆனால் செவ்வாழை மட்டும் செத்த பழுப்பாக வருகிறது. இது விளக்கின் குறை. விலை மலிந்த எல்இடி பல்பின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். இல்லாத சிவப்பைப் பழம் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? டப்பாவில் போட்டிருக்கும் சிஆர்ஐ எண்ணை (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) பார்த்து வாங்கச் சொல்வார்கள், 90-க்கு மேல் என்றால் பரவாயில்லை. ஆனால் அந்த எண் 8 வெளிறிய நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்புக்கு ஆர்9 என்று தனி அளவு உண்டு, அது அந்தச் சராசரியில் சேராது. ஆர்9 எவ்வளவு என்று போட்டிருக்கும் விளக்கை நம்பலாம். அது கையில் இல்லையென்றால் செவ்வாழை, கெம்புக் கல், கோழிக்கொண்டைப்பூ மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்துவிடுங்கள். சூரியனுக்கு இந்தக் குறை கிடையாது.

படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சாதாரண எல்இடி வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். ஷட்டர் வேகம் 1/500, 1/1000 என்று போனால், அதிலும் எலெக்ட்ரானிக் ஷட்டராக இருந்தால், அந்த மங்கல் பட்டைகளாகப் பதிவாகும். 1/100, 1/50, 1/25 இவற்றில் ஒன்றுக்கு இறங்குங்கள். பொருள் எங்கும் ஓடிப்போகாது.

ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது படத்தின் ஒரு பக்கம் நேர்கோடாக வெட்டியதுபோல் கறுத்தால் அது வேறு. ஷட்டர் வேகம் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் எல்லையைத் தாண்டிவிட்டது. 1/200-க்குக் கீழே வையுங்கள், பெரும்பாலான கேமராக்களில் போதும்.

எல்லாம் தெரிகிறது, ஆனால் உயிரில்லை

நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

ஒரு பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் ஓலையின் ஒவ்வொரு பின்னலும் ஏறி இறங்குவது தெரியும். படத்தில் பார்த்தால் பெட்டி வடிவத்தில் வெட்டிய அட்டை மாதிரி இருக்கும். காரணம், வெளிச்சம் கேமரா இருக்கும் பக்கத்தில் இருந்தே வருகிறது. ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு குட்டி நிழல் விழத்தான் செய்கிறது, ஆனால் அது பின்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் அந்த நிழல்கள் எல்லாம் வெளியே வரும்.

மேசையைச் சுற்றி நீங்களே நடந்து பாருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது முட்டை ஒரு வெள்ளை வட்டம். ஜன்னல் உங்கள் இடது தோளுக்கு நேராக வரும்போது முட்டைக்கு ஒரு பக்கம் பகல், ஒரு பக்கம் ராத்திரி. இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஜன்னல் பொருளுக்குப் பின்னால் சாய்வாக வருமாறு நின்றால் ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளிக்கோடு ஓடும். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, ஓலைப்பெட்டி, தேங்காய் நார் என்று சொரசொரப்பான எதற்கும் எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது இடம். சிப்ஸின் ஓரங்களில் எண்ணெய் மினுங்குவது அங்கே நின்றால்தான் தெரியும்.

பக்கவாட்டில் வைத்தும் தட்டையாகவே இருந்தால் சுவரைப் பாருங்கள். சின்ன அறை, வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் என்றால் ஜன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழலை எல்லாம் கழுவிவிடும். பலரும் வெள்ளைத் தெர்மாகோலைத்தான் வாங்கி வைக்கிறார்கள். நம் வீடுகளில் அதைவிட அதிகம் தேவைப்படுவது கறுப்புச் சார்ட். முட்டையின் இருண்ட பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி, படச் சட்டத்துக்கு வெளியே கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். கண் முன்னாலேயே முட்டை உருண்டு திரளும். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போகும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் பக்கவாட்டில்தான் நுழைகிறது, உள்ளே இருக்கும் இருண்ட மரம் அதைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடுகிறது. அங்கே ஒரு சாதாரணத் தூண்கூட ஓவியம் மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஃபோன்காரர்களுக்கு இன்னொரு எதிரி உண்டு: எச்டிஆர். நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய நிழலை 'இருட்டாக இருக்கிறதே' என்று ஃபோன் தானாகவே தூக்கிவிடும். அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் திரையில் முட்டையின் வெளிச்சப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து எடுங்கள்.

நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கிறது

நிழலின் ஓரம் கூர்மையாக இருப்பதற்கும் விளக்கின் வாட்டுக்கும் சம்பந்தமில்லை. பொருள் இருக்கும் இடத்தில் இருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. சூரியனின் குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு அரை டிகிரிதான் தெரிகிறது. அதனால் அதுவும் ஒரு குட்டி பல்புதான். அதே சூரியன் மேகத்துக்குள் போனால் வானம் முழுக்க விளக்காகி, நிழல் கரைந்துவிடும்.

ஆகவே வழி ஒன்றுதான்: விளக்கைப் பெரிதாக்குங்கள், பக்கத்தில் கொண்டுவாருங்கள். வெள்ளை முண்டு ஒன்றை ஒற்றையாக மடித்து ஜன்னல் கம்பியில் கட்டினால் போதும். கரையுள்ள முண்டு வேண்டாம், கரையின் நிறம் படத்தில் வரும். துணி ஜன்னலோடு ஒட்டியிருப்பதைவிட ஒரு முழம் உள்ளே தள்ளித் தொங்கினால், வெயில் துணி முழுக்கப் பரவி, இன்னும் மென்மையாக வரும். டேபிள் லாம்ப் என்றால் துணியை விளக்கில் இருந்து தள்ளிக் கட்டி, பொருளுக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். விளக்கின் மூக்கிலேயே பட்டர் பேப்பரை ஒட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பேப்பர் ஒட்டியும் விளக்கின் அளவு மாறவில்லையே.

"ஆனா நான் வடக்கு ஜன்னல்லதான் எடுக்கேன், வெயில் எப்படி விழும்?" இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பத்தி எழுதியே ஆக வேண்டும். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, வருடம் முழுக்க ஒரே மாதிரி மென்மையான வெளிச்சம் என்று படித்துவிட்டுத்தான் நானும் அந்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்தேன். அதை எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். நாம் இருப்பது வடக்கே 8 டிகிரியில். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிச் சூரியன் நம் தலையைக் கடந்து வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. அதற்கு முன்னும் பின்னும்கூட, மார்ச் 21-க்கும் செப்டம்பர் 23-க்கும் இடையில், சூரியன் உதிப்பதும் மறைவதும் வடக்குச் சாய்வாகத்தான். ஜூன் மாதம் காலை ஏழரை மணிக்கு என் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்வாக வந்து மேசையில் உட்கார்ந்திருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறிவிடுங்கள். அக்டோபருக்குப் பிறகு வடக்குக்குத் திரும்பலாம்.

கண்ணாடி ஓட்டின் கதையும் இதுதான். அது போடும் வெயில் கட்டம் தரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும், பத்து நிமிடம் அசந்தால் பொருள்மேல் ஏறிவிடும். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, அதில் இருந்து தெறிக்கும் வெளிச்சத்தில் பக்கத்தில் இருக்கும் பொருளை எடுத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த விளக்கு அது. காசும் கிடையாது.

பித்தளையில் நான் தெரிகிறேன்

உருளி, குத்துவிளக்கு, வடசேரியில் செய்யும் கோயில் நகை. இந்த மாவட்டத்தில் படம் எடுக்கப் பழகினால் இவற்றிடம் இருந்து தப்ப முடியாது. ஒரு நகைக்காரருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுத்த படங்களை அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிவிட்டார். ஒட்டியாணத்தின் ஒவ்வொரு தங்கக் குமிழிலும் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையில் நான்.

பளபளப்பான உலோகத்துக்கு வெளிச்சம் போட முடியாது, அதன் எதிரில் இருப்பதற்குத்தான் போட முடியும். உலோகம் ஒரு கண்ணாடி. அதில் எது தெரிய வேண்டும் என்று நீங்கள் முடிவுசெய்து, அதை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வெள்ளையாக மினுங்க வேண்டிய இடத்துக்கு எதிரில் வெள்ளைச் சார்ட். ஓரம் அழுத்தமாகத் தெரிய வேண்டிய இடத்துக்கு எதிரில் கறுப்பு அட்டைப் பட்டை. முழுக்க வெள்ளையாகச் சூழ்ந்துவிட்டால் தங்கம் தகரம் மாதிரி வெளிறிப்போகும். கறுப்பு இரண்டு விரல் அகலமாவது வேண்டும்.

நான் செய்வது இது. மூன்று வெள்ளைச் சார்ட்டைக் கூடாரமாக நிறுத்தி, வெளியில் இருந்து வெளிச்சம் அதன்மேல் விழும்படி வைப்பேன். முன்னால் ஒரு சார்ட், அதில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை. லென்ஸின் கறுப்பு வட்டம் எங்காவது ஒரு குமிழில் விழத்தான் செய்யும். கேமராவை அரை அங்குலம் ஏற்றி இறக்கினால் கெம்புக் கல்லின் சிவப்புக்குள் அதை ஒளித்துவிடலாம். உருளி மாதிரிப் பெரிய சாமான் என்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, டைமரை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவதுதான் நல்லது.

போலரைசர் ஃபில்டர் வாங்கினால் தீர்ந்துவிடுமா என்று கேட்பார்கள். உலோகத்துக்குத் தீராது. வெறும் உலோகத்தில் நேராகத் தெறிக்கும் வெளிச்சத்தை அது அடக்காது. வார்னிஷ் அடித்த மரம், வாழை இலை, தண்ணீர், கண்ணாடி, இவற்றின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்புக்கு அது அருமையான மருந்து. அதுவும் மேற்பரப்போடு ஏறக்குறைய 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

உலோகம் கெடுக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலின் வாய்க்குள் வைத்து எடுத்தார், புனலின் உட்சுவரே வெளிச்சத்தைச் சுற்றிவர வாரி இறைத்தது. நான் அதைப் பழைய அலுமினியச் சருவத்தைச் சாய்த்து வைத்துச் செய்து பார்த்தேன். மிளகாய்க்குப் பதில் மாங்காய். முட்டைக்கு நிழலே இல்லாத ஒரு விசித்திரமான பளபளப்பு வந்தது, மாங்காய்க்கு அது பொருந்தவில்லை, கத்தரிக்காய்க்குப் பிரமாதமாகப் பொருந்தியது.

தேன் தார் மாதிரி கறுத்திருக்கிறது

மார்த்தாண்டம் தேனைப் பாட்டிலோடு எடுக்கிறவர்கள் முன்னால் இருந்து விளக்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கண்ணாடியில் வெள்ளைத் திட்டு கூடும், தேன் அப்படியே இருக்கும். தேன், கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய் எல்லாம் வெளிச்சத்தை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் சாதி. வெளிச்சம் பின்னால் இருந்துதான் வர வேண்டும். பாட்டிலை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பொன்னாகிவிடும். ஜன்னல் வசதியில்லை என்றால் பாட்டிலின் உருவத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, பாட்டிலுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் மட்டும் டார்ச் அடியுங்கள். லேபிள் இருட்டாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைத் தாளைப் பிடித்தால் சரி.

பிச்சிப்பூ வெள்ளைத் திட்டு, கருப்பட்டி சாம்பல்

வெளிச்சத்தில் குறை இல்லை, கேமராவின் கணக்கில்தான் குறை. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். தோவாளைச் சந்தையில் வாங்கிய பிச்சிச் சரம் சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் 'அதிக வெளிச்சம்' என்று குறைத்து, பூவை அழுக்காக்கும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டுங்கள். அதே சரம் கறுப்புத் துணியில் சின்னதாகக் கிடந்தால் கேமரா துணியைப் பார்த்துக் கூட்டிவிடும், பூ வெந்துபோகும். இங்கே குறைக்க வேண்டும். கருப்பட்டி சட்டத்தை நிறைத்தாலும் குறைக்கத்தான் வேண்டும். ஆக, வெள்ளைப் பூ என்பதால் கூட்டு என்று மனப்பாடம் செய்வதில் பயனில்லை, சட்டத்தில் எது அதிகம் என்று பாருங்கள்.

பூவுக்கு நான் எப்போதும் ஹைலைட் எச்சரிக்கையை, அளவுக்கு மீறி வெளுத்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டுவதை, போட்டுவைப்பேன். இதழில் கறுப்பு மினுக்கல் வந்தால் கால் ஸ்டாப் இறக்கி மறுபடி. இருட்டிப்போன இதழை ரா கோப்பில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருந்து மீட்டுவிடலாம், வெந்துபோன இதழை மீட்க முடியாது.

பின்னணி கறுக்க மாட்டேன் என்கிறது

கறுப்புத் துணி வாங்க ஓட வேண்டாம். விளக்கைப் பொருளுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், பின்சுவரைத் தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. முட்டைக்கு அரை மீட்டரில் விளக்கு, முட்டைக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் சுவர் என்றால் சுவருக்கு நாலு மடங்கு தூரம். அங்கே போய்ச் சேர்வது பதினாறில் ஒரு பங்குதான், வெள்ளைச் சுவர்கூட இருண்டுவிடும். அதே விளக்கை முட்டைக்கு இரண்டு மீட்டர் தள்ளிவைத்தால் சுவருக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும், சுவரில் பல்லி ஓடுவதுகூடப் படத்தில் வரும்.

ஒரு இடம் சரியானால் இன்னொரு இடம் கெடுகிறது

உருளி, பக்கத்தில் தேங்காய், பின்னால் ஓலைப்பெட்டி, முன்னால் பிச்சி. ஒவ்வொன்றும் ஒரு விதமான வெளிச்சம் கேட்கும். ஒரே விளக்கால் நாலு பேரையும் திருப்திப்படுத்த முடியாது. ராத்திரி கரண்ட் போகும் நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, இருட்டில் லென்ஸ் துளை எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 20 வினாடி. ஷட்டர் திறந்திருக்கும்போது ஒரு சின்ன டார்ச்சால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத் தடவிக் கொடுங்கள்: பெட்டிக்குப் பக்கவாட்டில் 6 வினாடி, தேங்காய்க்கு மேலிருந்து 3, பூவுக்கு ஒரு சின்ன வீச்சு. டார்ச் நின்றால் அந்த இடத்தில் வெள்ளை வட்டம் விழும், அதனால் கை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். டார்ச்சின் முகம் கேமராவைப் பார்க்கக் கூடாது. பத்து முறை எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்றைப் போல மறுபடி எடுக்கவே முடியாது என்பதால்தான் எனக்கு இதில் பைத்தியம்.

ஒரே செட்டிங், படத்துக்குப் படம் வேறு வெளிச்சம்

ஆனி, ஆடியில் சாரல் மேகம் ஓடும்போது இதுதான் நடக்கும். மேனுவலில் பூட்டிவிட்டு, மேகம் மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள். முட்டையை ஓரத்தில் ஒரு சட்டத்தில் சேர்த்து எடுத்துவைத்தால் பிறகு ஒப்பிட உதவும். அப்புறம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் பக்கம் வீடு என்றால் ஜன்னல் துணி ஆடும், வெளிச்சமும் சேர்ந்து ஆடும். துணியின் அடியில் இரண்டு துணிக் கிளிப்பும் ஒரு ஸ்கேலும் மாட்டுங்கள்.

முட்டை நன்றாக இருக்கிறது, படம் மட்டும் பால் மூடியது போல

வெளிச்சத்தில் எந்தக் குறையும் இல்லை, நிழலும் அழகு, ஆனால் கறுப்பு எல்லாம் சாம்பலாக வெளுத்திருக்கிறது. முதலில் கையை நீட்டி, ஜன்னல் வெளிச்சம் லென்ஸின் முகத்தில் நேராகப் படாமல் மறைத்துப் பாருங்கள். சரியானால் ஒரு கறுப்பு அட்டையை அங்கே நிறுத்திவிடுங்கள், முடிந்தது.

சரியாகவில்லை என்றால் லென்ஸை எதிர்வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முட்டம், குளச்சல் பக்கம் போய்விட்டு வந்திருந்தால் முன் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் பம்பால் ஊதி, லென்ஸ் கிளீனர் நனைத்த துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரிக் கிளைத்திருந்தால் அது பூஞ்சை. நமக்கு இரண்டு மழைக்காலம், அதற்கும் இரண்டு விளைச்சல். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீல ஜெல் ரோஸாகிவிட்டால் சூடாக்கி மறுபடி நீலமாக்கலாம். பூஞ்சை பிடித்த லென்ஸைச் சுத்தம் செய்து வாங்கும்வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.